ஐந்து விரலும் தெரிய வேண்டும்

சிறப்புப் பதிப்பு வாகன மதிப்புக் காப்புச் சங்கம் என்று ஒன்று சிவகாசியில் பன்னிரண்டு வருஷமாக இயங்கி வந்தது. அதாவது, இயங்காமல் இருந்து வந்தது. அதன் பதினொரு உறுப்பினர்களிடமும் ஆளுக்கொரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் செடான் இருந்தது. ஒவ்வொன்றும் உலகத்திலேயே ஐம்பது, அறுபது என்று எண்ணிச் செய்யப்பட்ட ரகம். பந்தயக் காரின் என்ஜினை எடுத்துக் குடும்பம் போகிற நாலு கதவு வண்டிக்குள் வைத்திருப்பார்கள். உறுப்பினர்கள் அதை எடுத்துக் கொட்டகைக்குள் வைத்திருந்தார்கள்.

ஓட்டினால் மதிப்புப் போய்விடும் என்பது சங்கத்தின் முதல் விதி. கார் ஓட்டுவதற்குத்தானே என்று கேட்டவர்களைச் சங்கத்தின் ஆண்டறிக்கை 'வெறும் பயனாளிகள்' என்று குறிப்பிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை, சித்திரை முதல் ஞாயிறன்று, உறுப்பினர்கள் ஏசி ஹாலில் கூடுவார்கள். ஒருவர் வண்டிக்கு இன்னொருவர் விலையை முன்மொழிவார். மற்றவர் வழிமொழிவார். இப்படி ஒவ்வொரு வண்டியும் வருஷத்துக்கு ஏழெட்டு லட்சம் ஏறியது. பன்னிரண்டு வருஷத்தில் அந்தச் சங்கத்தில் ஒரு வண்டிகூட விற்றதில்லை. அதனால் விலை இறங்கிவிட்டது என்று யாராலும் நிரூபிக்கவும் முடியவில்லை.

சங்கத்தின் தலைவர் நவநீதகிருஷ்ணன். விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் அவருக்கு முந்நூறு பேர் வேலை செய்கிற பட்டாசுக் கம்பெனி இருந்தது. அந்த முந்நூறு பேரில் ஒருவர் போர்மேன் ஆண்டிச்சாமி. இன்னொருத்தி அவருடைய மகள் ரோஜா. பெட்டி ஒட்டும் அறையில் இருந்தாள். தை மாதத்தில் ஒருநாள் பக்கத்து அறையில் வெடிமருந்து உராய்ந்து தீப்பிடித்தது. ரோஜா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டாள். உயிர் தப்பியது. கதவைத் தள்ளிய வலது கை தப்பவில்லை. புண் ஆற ஆற, விரல் ஐந்தும் உள்ளங்கையை நோக்கிச் சுருங்கி ஒட்டிக்கொண்டன. இருபது வயதுப் பெண்ணால் சோற்றைப் பிசைய முடியவில்லை. தாய் அய்யம்மாள்தான் ஊட்டினாள்.

மதுரையில் ஒரு டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு ஆபரேஷன்ல பிரிச்சிரலாம். ஆனா ஆடி முடியறதுக்குள்ள பண்ணிரணும். தள்ளிப்போட்டா மூட்டு அப்படியே இறுகிரும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். செலவு நாலு லட்சம் ஆகும். ஆண்டிச்சாமி இருபத்தாறு வருஷம் உழைத்த கம்பெனிக்குப் போய், முதலாளி முன்னால் கைகட்டி நின்று, அந்த நாலு லட்சத்தைக் கேட்டார்.

முதலாளி இல்லை என்று சொல்லவில்லை. மே தினத்தன்று கம்பெனி வாசலில் பந்தல் போட்டு, மைக் வைத்து, எல்லோருக்கும் ரோஸ்மில்க் கொடுத்துப் பேசினார்.

"தோழர்களே! பணம் என்பது என்ன? வெறும் காகிதம். இன்றைக்குக் கொடுத்தால் நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரன் வாங்கிக்கொள்வான். நம்ம ஆண்டிச்சாமிக்கு நான் காகிதம் கொடுக்க விரும்பவில்லை. மதிப்பைக் கொடுக்க விரும்புகிறேன். என்னுடைய 'ரெடோனா' காரை அவருக்கு அன்பளிப்பாகத் தருகிறேன். இன்றைய மதிப்பு நாற்பத்தெட்டு லட்சம்! உலகத்தில் இந்தக் கார் ஐம்பதுதான் இருக்கிறது. ஆண்டிச்சாமியைப் போலத் தொழிலாளர்கள் என்னிடம் முந்நூறு பேர் இருக்கிறார்கள். எது அபூர்வம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்."

கைதட்டல் அடங்கியதும் மூன்று காகிதங்களைக் கொடுத்தார். ஒன்று, வண்டி ஆண்டிச்சாமி பேருக்கு மாறியதற்கானது. இரண்டாவது, சங்கத்தின் மதிப்புச் சான்றிதழ். நாற்பத்தெட்டு லட்சம் என்று பொன் எழுத்தில் அச்சிட்டிருந்தது. சங்கத்தின் அனுமதி இல்லாமல் பத்து வருஷத்துக்கு வண்டியை விற்கக் கூடாது என்பது அடியில் பொடி எழுத்தில் இருந்தது. மூன்றாவது, கம்பெனி டாக்டரின் சான்று. 'ரோஜாவின் வலது கை நல்ல நிலையில் உள்ளது. ஐந்து விரல்களும் இயங்குகின்றன. நிரந்தரப் பாதிப்பு இல்லை' என்று இருந்தது. கீழே முதலாளியின் கையெழுத்து, சுழி போட்டு, பச்சை மையில். கை நன்றாக இருப்பதால் சட்டப்படி இழப்பீடு கிடையாது. அன்பளிப்பு மட்டும்தான்.

"எப்பா, வேணாம்ப்பா. கார வச்சி நாம என்ன செய்ய?" என்றாள் ரோஜா.

"நாப்பத்தெட்டு லச்சம்னு போட்டிருக்கு தாயி. எவனாச்சும் நாலு லச்சத்துக்கு வாங்கிர மாட்டானா?" என்று சொல்லிவிட்டு ஆண்டிச்சாமி கையெழுத்துப் போட்டார். காகிதத்தை மடிக்கப் போனவரைச் சங்கத்தின் மதிப்பீட்டாளர் ஹரிஷ்குமார் பதறிப்போய்த் தடுத்தான்.

"அய்யய்யோ, மடிக்காதீங்க! மடிப்பு விழுந்த சர்டிபிகேட்டுக்கு மார்க்கெட்ல விலையே போகாது."

அவனே ஒரு பிளாஸ்டிக் உறையில் மூன்றையும் போட்டுக் கொடுத்தான். வெளிநாட்டில் கார் மதிப்பீடு படித்துவிட்டு வந்தவன். வெயில் காலத்திலும் வெள்ளைக் கையுறை போட்டிருப்பான்.

கார் லாரியில் வந்தது. தெருமுனைக்கு மேல் லாரி நுழையவில்லை. அங்கிருந்து ஆண்டிச்சாமி வீட்டுக்கு முந்நூறு அடி. வண்டி அதுவரை ஓடிய மொத்தத் தூரம் முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். என்ஜினைப் போட்டு ஓட்டினால் கணக்கு ஏறிவிடும், மதிப்பு இறங்கிவிடும் என்று டிரைவர் சாவியைக் கொடுக்க மறுத்தார். அந்த நேரம் பார்த்துக் கம்பெனி வேலை விட்டது. தெருவுக்குள் வந்துகொண்டிருந்த சனம் மொத்தமும், "நம்ம ஆண்டி காருடோய்!" என்று ஓடிவந்து கைகொடுத்தது. ஆணும் பெண்ணுமாக இருபது பேர் சாமித் தேரை நகர்த்துவதுபோல் தள்ளிக் கொண்டுபோய் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள்.

அந்த ஊரில் வேலை விட்டு வருகிறவர்களின் கையைப் பார்த்தவர்களுக்கு அடுத்து என்ன ஆகியிருக்கும் என்று தெரியும். கம்பி மத்தாப்புக்கும் புஸ்வாணத்துக்கும் போடுகிற அலுமினியப் பொடி ரேகைக்குள் இறங்கி, கை வெள்ளிக் கையாக மின்னும். சோப்புப் போட்டாலும் முழுசாகப் போகாது. வியர்வையும் பொடியுமாக இருபது பேர் வைத்த கை அத்தனையும் சிவப்புக் காரின் மேல் அச்சு அச்சாகப் பதிந்திருந்தது. தெருவில் எல்லோருக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது.

மறுவாரம் பரிசோதனைக்கு வந்த ஹரிஷ்குமார் அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இது மேட் பினிஷ்ங்க! பளபளப்பே இருக்கக் கூடாது. தேய்ச்சா பளபளப்பு வந்துரும், தேய்க்கவும் முடியாது. யாரு இப்படிக் கை வச்சது?"

"தெருக்காரவுகதான் சார். தள்ளி விட்டாக."

அவன் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு கையாக எண்ணினான். முப்பத்தெட்டு. ஒரு கைக்கு இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொண்டே போனான். முப்பத்தெட்டாவது கை, யாரோ ஒரு குழந்தையின் கை, டிக்கியில் கீழே இருந்தது. அதற்குப் பாதிதான் கழித்தான். சங்கம் கருணை இல்லாதது அல்ல.

அதோடு பராமரிப்பு விதிகளையும் ஒப்பித்தான். வெயில் படக் கூடாது, தூசி படக் கூடாது, சமையல் புகை படக் கூடாது. அய்யம்மாள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். ஆண்டிச்சாமிக்கோ, தூசி அடங்க ஒரே வழிதான் தெரியும். கம்பெனியில் மருந்து கலக்கிற அறையில் விடிந்ததும் தரை நனையத் தண்ணீர் தெளித்த பிறகுதான் எவனும் கால் வைக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக அவரே நின்று செய்ய வைத்த வேலை. காருக்கும் அப்படியே செய்தார். தினம் காலையில் சுற்றிலும் நாலு குடம் தெளித்து, ஈரச் சாக்கைப் பரப்பினார். ஒரே மாதத்தில் வண்டியின் அடிப்பாகம் துருவேறிப் பொரிந்தது. உள்ளே சீட்டில் பூஞ்சை பூத்தது. அவருடைய கையில் எந்த மருந்தும் வெடித்ததில்லை. இந்த ஒன்றுதான் அவர் கவனமாகப் பார்த்துப் பார்த்துக் கெடுத்தது.

ஆனி பிறந்தது. ஏழைகளுக்கான காப்பீட்டில் ஆபரேஷன் செய்யலாம், வருமானச் சான்று மட்டும் வாங்கி வாருங்கள் என்று மதுரை டாக்டர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆண்டிச்சாமி சான்று தருகிற ஆபீசில் காலையிலிருந்து நின்றார். மேஜைக்காரர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உம்ம பேர்ல ஒரு கார் காட்டுதே. அதும் சாதாக் கார் இல்லையே."

"அது முதலாளி குடுத்ததுங்கய்யா. எனக்கு ஓட்டத் தெரியாது."

"அதான் டிரைவர் வச்சிருப்பீகள்ல?"

"ஓட்டக் கூடாதுங்கய்யா. ஓட்டுனா மதிப்புப் போயிரும்."

மேஜைக்காரர் பேனாவை மூடி வைத்தார். "நாங்கெல்லாம் பழைய டூவீலரை உதைச்சி உதைச்சி ஓட்டிட்டு வாறோம். நீரு ஊரே பேசுற நாப்பத்தெட்டு லச்சத்த ஓட்டாம நிப்பாட்டி வச்சிருக்கீரு. உமக்கு ஏழைன்னு நான் கையெழுத்துப் போடணும். எனக்கு வேலை போறதுக்கா?"

ரேஷன் அட்டையையும் வாங்கிப் பார்த்தார். அடுத்த மாதம் அதில் அரிசி நின்றது.

ஆபீசில் நின்ற அன்றைக்கே ஆண்டிச்சாமி வீட்டுக்கு வந்து, காருக்கு முன்னால் ஈரச் சாக்கில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். பட்டாசுக் கம்பெனிப் போர்மேன் அழுததை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. காரைக் கொளுத்திவிடலாமா என்றுகூட நினைத்தார். கொளுத்தினால் ஜெயில், கொளுத்தாவிட்டால் மகளுக்குக் கை இல்லை. ரோஜா வெளியே வந்து இடது கையால் அவர் தோளைத் தொட்டாள். அவளுக்கு அப்பாவின் மேல் கோபம்தான் இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

விருதுநகரில் பழைய கார் வாங்கி விற்கிற சீனிச்சாமி அய்யம்மாளுக்கு அறிமுகமானவர். அவரை அழைத்துவந்து வண்டியைக் காட்டினார்கள். பூதக்கண்ணாடி எதுவும் அவரிடம் இல்லை. டயரைக் காலால் உதைத்தார். மூடியைத் திறந்து மூடினார்.

"டயரு பன்னெண்டு வருசமா ஒரே எடத்துல நின்னு சதுரமாயிருச்சு. ரப்பரெல்லாம் வெறைச்சுப் போச்சு. ஒரு கதவுக் கைப்பிடி ஒடைஞ்சா வாங்க எடமில்ல, அந்தக் கம்பெனியே நம்ம நாட்டை விட்டு ஓடிருச்சு. ரெண்டு லச்சம். அதும் ஒங்க மூஞ்சிக்காக."

"அண்ணாச்சி, நாப்பத்தெட்டுன்னு எழுதியிருக்குல்ல?" என்றாள் அய்யம்மாள்.

"எழுதுனவுகளையே வாங்கிக்கிடச் சொல்லுங்க."

ரெண்டு லட்சத்துக்கும் சங்கத்தின் அனுமதி வேண்டும். சீனிச்சாமி பிளாஸ்டிக் உறையை வாங்கி மூன்று காகிதங்களையும் நிதானமாகப் படித்தார். டாக்டர் சான்று வந்ததும் நிமிர்ந்து ரோஜாவின் கையைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

"எங்கண்ணன் மகன் விருதுநகர் கோர்ட்டுல வக்கீலு. எல்லாரும் வந்து அழுவாகளாம். இந்த மாதிரிச் சீட்டக் காட்டித்தான் கம்பெனிக்காரன் தப்பிச்சிருவானாம். கை நல்லா இல்லன்னு அவுக கையெழுத்துலயே ஒரு துண்டுச் சீட்டு இருக்கா?"

"அவுக எப்படித் தருவாக?" என்றார் ஆண்டிச்சாமி.

வண்டியை விற்க அனுமதி கேட்டு ஆண்டிச்சாமி சங்கத்துக்கு மனுப் போட்டார். முதல் மனு, கோடு போட்ட தாளில் எழுதியதால் திரும்பியது. இரண்டாவது, 'கார்' என்று எழுதியதால் திரும்பியது. 'சேகரிப்புச் சொத்து' என்று எழுத வேண்டுமாம். மூன்றாவது மனுவை ஏற்று, பரிசீலிக்க மூவர் குழு போட்டார்கள். குழு ஒரு மாதம் யோசித்து, பரிசீலிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதற்குள் ஆடி பாதி போய்விட்டது.

அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சேகரிப்பாளர் சங்கத்துக்குப் போன் செய்தார். ஹரிஷ்குமார் விபத்துக் கதையோடு இணையத்தில் போட்ட படத்தில் வெள்ளிக் கைகளைப் பார்த்தாராம். அப்படி ஒரு கார் உலகத்தில் வேறெங்கும் இல்லையே, ஐந்து லட்சம் தருகிறேன் என்றாராம். ஒரே நிபந்தனை. விபத்தில் தப்பிய பெண்ணின் கையும் காரில் இருக்க வேண்டும். நடுவில், முன்மூடியின் மேல், ஐந்து விரலும் தெரிய. சங்கம் அதற்குச் சான்று தர வேண்டும்.

முப்பத்தெட்டுக் கைகளுக்கும் கழித்த சதவீதத்தைச் சங்கம் ஒரே தீர்மானத்தில் திரும்பக் கூட்டிக்கொண்டது. ஆடி கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் சிறப்புக் கூட்டம் போட்டார்கள். காரைச் சங்கத்தின் லாரியே வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஆடி முடிய ஆறு நாள் இருந்தது.

ஏசி ஹாலில் கார் நடுவில் நின்றது. ஆண்டிச்சாமியும் அய்யம்மாளும் ரோஜாவும் கதவோரம் நின்றார்கள். மறுநாள் இருக்கன்குடிக்குப் போவதற்காக அய்யம்மாள் மடியில் ஒரு வெள்ளிக் கைத்தகடு முடிந்து வைத்திருந்தாள். மகளுக்குக் கை சரியாக வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்தது. ஒரு தாம்பாளத்தில் தேங்காயெண்ணெயில் குழைத்த அலுமினியப் பொடி இருந்தது. தலைவர் எழுந்தார்.

"ஒரு வண்டிக்கு மதிப்பைத் தருவது என்ஜின் அல்ல, கதை! வெறும் காராக இதை நான் பன்னிரண்டு வருஷம் வைத்திருந்தேன், ஒருவர்கூட விலை கேட்கவில்லை. ஒரு விபத்து நடந்தது, கோயம்புத்தூரிலிருந்து ஆள் கேட்கிறார். தொழிலாளியின் துன்பம் இல்லாமல் தொழிலில் மதிப்புக் கூடாது என்பதை இந்தச் சங்கம் உணர்ந்துகொண்டது. வாம்மா, வந்து கையை வை."

ரோஜா போய் நின்றாள். ஹரிஷ்குமார் அவள் கையை மேஜைமேல் வைத்து விரலை நீவிப் பார்த்தான். அவள் பல்லைக் கடித்தாள்.

"கொஞ்சம் விரிங்க."

"விரியாது."

"டிரை பண்ணுங்க. அஞ்சு விரலும் தெரியணும்."

"சார், ஆபரேசன் பண்ணுனாத்தான் விரியும். மொதல்ல துட்டக் குடுங்க, ஆபரேசன் முடிச்சி நாங்களே வந்து வைக்கோம்" என்று ஆண்டிச்சாமி கும்பிட்டார்.

பொருளாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பதிவு முடிந்த பிறகே தொகை என்று இருந்தது. கை விரிவதற்கு முன்பணம் தர விதி இல்லை. ஓர் உறுப்பினர், இடது கையை வைத்தால் என்ன என்று கேட்டார். இடது கை விபத்தில் சிக்காததால் அதற்குக் கதை இல்லை என்று ஹரிஷ்குமார் மறுத்தான். இன்னொருவர் அய்யம்மாளின் மடியிலிருந்த தகட்டைக் கவனித்துவிட்டார். "அதுல அஞ்சு விரலும் அம்சமா இருக்கே. அதையே பொடியில முக்கி ஒரு அமுக்கு அமுக்குங்க."

"அது ஆத்தாளுக்கு நேந்தது. எடுத்தா கைய முறிச்சிருவேன்" என்றாள் அய்யம்மாள்.

அதற்குமேல் ரோஜா யாரையும் கேட்கவில்லை. சுருங்கிய வலது கையைப் பொடிக்குள் விட்டு எடுத்து, முன்மூடியின் நட்டநடுவில் வைத்து, உடம்பின் பாரம் மொத்தமும் கொடுத்து அழுத்தினாள். வலியில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கையை எடுத்ததும், உருட்டி வைத்த சாணியைப் போல் ஒரு வட்டமும், அதன் ஓரத்தில் நாலு மொட்டுப் புள்ளிகளும் தெரிந்தன.

ஹரிஷ்குமார் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தான். அளவு எடுத்தான். போட்டோ எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினான். பதில் உடனே வந்தது.

"சாரி சார். இது கை இல்லைங்கறாங்க."

"கை இல்லாம என்ன? எம்மக கை சார்" என்றார் ஆண்டிச்சாமி.

"எங்க தரவிதிப்படி கைன்னா உள்ளங்கை தெரியணும், விரல் தெரியணும். இதை மனிதக் கைன்னு சான்று தந்தா சங்கத்தோட நம்பகத்தன்மை என்னாகும்?"

தலைவருக்கும் அதுதான் கவலை. "பன்னிரண்டு வருஷமாக ஒரு பொய்ச் சான்று நாங்கள் தந்ததில்லை" என்றார்.

ஆண்டிச்சாமி மகளின் கையைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "அப்பம் அதையே எழுதிக் குடுத்துருங்க மொதலாளி. வெறுங்கையோட எப்படிப் போவேன்?"

எழுதிக் கொடுப்பதில் அந்தச் சங்கம் என்றைக்கும் பின்வாங்கியதில்லை. ஹரிஷ்குமார் லெட்டர்பேடில் எழுதினான்: 'ரோஜாவின் வலது கைப் பதிவு சங்கத்தால் நேரில் பரிசோதிக்கப்பட்டது. அதில் விரல்கள் இல்லை. கை விரியும் நிலையில் இல்லை. எனவே இதைக் கை என ஏற்க இயலாது.' தலைவர் பச்சை மையில், சுழி போட்டுக் கையெழுத்திட்டார். முத்திரையும் குத்தினார்கள்.

ஆண்டிச்சாமி அதை வாங்கிப் பிளாஸ்டிக் உறையைத் திறந்து, கம்பெனி டாக்டர் சான்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஐந்து விரல்களும் இயங்குகின்றன என்று ஒன்று. விரல்கள் இல்லை என்று ஒன்று. கீழே ஒரே பச்சை மை, ஒரே சுழி.

"இதுல எது மொதலாளி நெசம்?"

தலைவர் இரண்டையும் பார்த்தார். முகத்தில் கொஞ்சமும் மாற்றமில்லை.

"ரெண்டும் சரிதான் ஆண்டி. அது இழப்பீட்டுக்கான கை. இது சேகரிப்புக்கான கை."

உறுப்பினர்கள் அதை ஆமோதித்தார்கள். யாரோ வழிமொழியவும் செய்தார்கள். பொருளாளர் மட்டும் அந்தப் புதுக் காகிதத்தைத் திருப்பி வாங்கிவிடலாமா என்பதுபோல் எழுந்தார். அதற்குள் ஆண்டிச்சாமி இரண்டையும் உறைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். காரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிப் பின்னாலிருந்து கத்தினார்கள். யாரும் திரும்பவில்லை.

விருதுநகர் பஸ்ஸில் உட்கார இடமில்லை. ரோஜாவுக்குக் கம்பியைப் பிடிக்க இடது கை மட்டும் இருந்ததால் அய்யம்மாள் அவளை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். கோர்ட்டு ஐந்து மணிக்கு மூடிவிடும். சீனிச்சாமி சொன்ன வக்கீலை இன்று பார்த்தாலும் வழக்கு எப்போது வரும், பணம் எப்போது வரும் என்று ஆண்டிச்சாமிக்குத் தெரியாது. ஆடி முடிய ஆறு நாள் என்பது மட்டும் தெரியும். நெரிசலில் யாரோ முழங்கையால் இடித்தார்கள். அவர் உறையை இரண்டாக மடித்துச் சட்டைக்குள் செருகப் போனார்.

"எப்பா, மடிச்சிராதீக" என்றாள் ரோஜா. "மடிச்சா விலை போகாது."